ரேச்சல் அலெக்சாண்ட்ரா: ஒரு பெண்குதிரையின் பந்தய வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேச்சல் அலெக்சாண்ட்ரா என்பது எந்தக் குதிரை?

அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை ஓடிய, பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தோரோபிரெட் இனப் பெண்குதிரை. 2009ஆம் ஆண்டில், தனது மூன்றாவது வயதில், எட்டுப் பந்தயங்களில் ஓடி எட்டிலும் வென்றது. அவற்றுள் மூன்று, ஆண்குதிரைகளை எதிர்த்து ஓடியவை. அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருதையும் பெற்றது. செம்பழுப்பு நிற உடல்; நெற்றியிலிருந்து மூக்கு வரை தலைகீழாகப் போட்ட ஆச்சரியக்குறி போன்ற வெள்ளைக் கோடு. பத்துக் குதிரைகள் சேர்ந்து வந்தாலும் அந்தக் கோட்டை வைத்தே இதை அடையாளம் கண்டுவிடலாம்.

இதைவிட அதிகப் பந்தயங்களில் வென்ற பெண்குதிரைகள் உண்டு. தோல்வியே காணாதவையும் உண்டு. எளிதான வெற்றிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலத்தில் கடினமான பந்தயங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கும் வென்றது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்குதிரை ஆண்குதிரைகளை வெல்வது அவ்வளவு அரிதா?

அமெரிக்கப் பந்தயங்களில் நான்கு வயது வரையுள்ள பெண்குதிரையை ஃபில்லி என்றும், ஐந்து வயதிலிருந்து மேர் என்றும் அழைப்பார்கள். இவற்றுக்கென்று தனிப் பந்தயங்களும் நல்ல பரிசுத்தொகையும் இருப்பதால், பெரும்பாலான உரிமையாளர்கள் தங்கள் ஃபில்லிகளை ஆண்குதிரைகளோடு மோதவிடுவதில்லை. அப்படி மோதும்போது பெண்குதிரையின் முதுகில் ஏற்றும் எடை சற்றுக் குறைக்கப்படும். பிரீக்னஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஆண்குதிரைகள் 126 பவுண்டு சுமக்கும்போது ஃபில்லி 121 பவுண்டு சுமந்தால் போதும். அதாவது 57 கிலோவுக்கு எதிராக ஏறத்தாழ 55 கிலோ. சலுகை இவ்வளவு இருந்தும், அந்தப் பந்தயத்தில் 1924இல் நெல்லி மோர்ஸ் வென்ற பிறகு 2009 வரை 85 ஆண்டுகள் எந்தப் பெண்குதிரையும் வெல்லவில்லை என்பதே கேள்விக்குப் போதுமான பதில்.

எங்கே பிறந்தது? யார் வளர்த்தது?

2006 ஜனவரி 29 அன்று கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் பிறந்தது. தந்தை மெடாலியா டோரோ, தாய் லோட்டா கிம். இனப்பெருக்கம் செய்தவர் டால்ஃபஸ் மாரிசன். ஈன்ற குட்டியைத் தாய் ஏற்க மறுத்துவிட்டதால், வேறொரு செவிலிக் குதிரையின் பாலைக் குடித்தே இது வளர்ந்தது. மாரிசன் தன் பேத்தியின் பெயரைக் குட்டிக்குச் சூட்டினார். பின்னர் மைக்கேல் லாஃபர் என்பவர் பங்குதாரராகச் சேர்ந்தார். முதல் பயிற்சியாளர் ஹால் விக்கின்ஸ்.

தொடக்கத்திலேயே சாம்பியனாகத் தெரிந்ததா?

இல்லை. 2008 மே மாதம் லூயிவில்லின் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஓடிய முதல் பந்தயத்தில் ஆறாவதாக வந்தது. அடுத்ததில் வென்றது, அதற்கடுத்ததில் இரண்டாம் இடம். இரண்டு வயதில் ஓடிய ஆறு பந்தயங்களில் மூன்று வெற்றி, இரண்டு இரண்டாம் இடங்கள். நல்ல குதிரைக்கான கணக்குதான், ஆனால் வரலாறு படைக்கப் போகும் குதிரையின் கணக்கு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நவம்பர் இறுதியில் அதே திடலில் நடந்த கோல்டன் ராட் ஸ்டேக்ஸை, அந்தப் பந்தயத்தின் அதுவரையிலான சாதனை நேரத்தில் வென்றபோதுதான் கவனம் திரும்பியது.

அதன் பிறகு இது ஒரு முழு ஆண்டுக்கும் மேலாகத் தோற்கவில்லை.

கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தில் என்ன நடந்தது?

2009 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மார்த்தா வாஷிங்டன், ஃபேர் கிரவுண்ட்ஸ் ஓக்ஸ், ஃபேன்டசி ஆகிய மூன்று ஃபில்லிப் பந்தயங்களை வென்றுவிட்டு, மே 1 அன்று கென்டக்கி ஓக்ஸுக்கு வந்தது. மூன்று வயது ஃபில்லிகளுக்கான பந்தயங்களில் அமெரிக்காவில் மிகவும் மதிக்கப்படுவது இதுவே; நாட்டின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பிக்கு முந்தைய நாள் அதே சர்ச்சில் டவுன்ஸில் நடக்கும். தூரம் ஒன்பது ஃபர்லாங், அதாவது சுமார் 1,800 மீட்டர்.

ரேச்சல் 20¼ குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஒரு குதிரை நீளம் என்பது ஏறக்குறைய எட்டு அடி. ஆகவே இரண்டாவது குதிரை முடிவுக்கோட்டுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் பின்னால் இருந்திருக்கிறது. ஜாக்கி கால்வின் பொரெல் கடைசி நேர்வழியில் குதிரையை விரட்டவே இல்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பந்தயம் என்ற சொல்லுக்கு அன்று பொருளில்லாமல் போயிற்று.

அப்படியானால் மறுநாள் கென்டக்கி டெர்பியில் ஏன் ஓடவில்லை?

ஃபில்லி ஃபில்லிகளோடுதான் ஓட வேண்டும், டெர்பி போன்றவை எதிர்காலத்தில் பொலிகுதிரைகளாகப் போகும் ஆண்குதிரைகளுக்கானவை என்பது மாரிசனின் உறுதியான கருத்து. அந்தக் கருத்தால்தான், டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பந்தயங்கள் கொண்ட ‘டிரிப்பிள் கிரவுன்’ வரிசைக்கு அவர் தன் ஃபில்லியின் பெயரை முன்கூட்டியே பதிவு செய்யவும் இல்லை. இந்தச் சிறு விவரம் அடுத்த இரண்டு வாரங்களில் பெரிய தகராறாக வளர்ந்தது.

குதிரை கைமாறியது எப்படி?

ஓக்ஸ் முடிந்த சில நாட்களில், கலிஃபோர்னியாவில் திராட்சை மது வணிகத்தால் செல்வந்தரான ஜெஸ் ஜாக்சனின் ஸ்டோன்ஸ்ட்ரீட் நிறுவனமும் ஹரால்ட் மெக்கார்மிக்கும் சேர்ந்து ரேச்சலை வாங்கினார்கள், விலையை வெளியிடவில்லை. பயிற்சிப் பொறுப்பு ஸ்டீவ் ஆஸ்மசன் கைக்குப் போனது. 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வான கர்லின், இதே ஜாக்சன் - ஆஸ்மசன் கூட்டில் ஓடிய குதிரைதான். மிகச் சிறந்த குதிரை மிகச் சிறந்தவற்றை எதிர்த்து ஓட வேண்டும் என்று ஜாக்சன் கருதினார். ரேச்சல் அடுத்து ஓடுவது மே 16 அன்று பிரீக்னஸில் என்று முடிவாயிற்று.

பிரீக்னஸில் சேர்வதில் என்ன தகராறு?

முன்பதிவு செய்யாத குதிரையை ஓடவிட அப்போது 1,00,000 டாலர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஜாக்சனுக்கு அது பொருட்டில்லை. ஆனால் பந்தயத்தில் அதிகபட்சம் 14 குதிரைகள்தான் ஓடலாம். முன்பதிவு பெற்றவற்றுக்கே முன்னுரிமை. அதனால் முன்பதிவு பெற்ற 14 குதிரைகள் வந்துவிட்டால் ரேச்சலுக்கு இடம் கிடைக்காது. இதைப் பயன்படுத்தி, டெர்பியில் வென்ற மைன் தட் பேர்ட் குதிரையின் உரிமையாளர்களுள் ஒருவரும், இரண்டாவதாக வந்த பயனியராஃப் த நைல் குதிரையின் உரிமையாளரும், வெல்லும் வாய்ப்பில்லாத குதிரைகளைக் கூடுதலாக நுழைத்து இடத்தை நிரப்பலாமா என்று யோசித்தார்கள். செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது, இருவரும் பின்வாங்கினார்கள். இதற்கு நேர்மாறாக, மூத்த உரிமையாளரான மேரிலூ விட்னி, தேவைப்பட்டால் தன் குதிரையை விலக்கிக்கொண்டு ரேச்சலுக்கு இடம் தருவதாக முன்வந்தார். கடைசியில் 13 குதிரைகளே ஓடின.

ஒரு ஃபில்லியை ஓட்டத்தில் தடுக்க முடியாது என்று தெரிந்ததால்தானே விண்ணப்பத் தாளில் தடுக்கப் பார்த்தார்கள்! இதைவிடப் பெரிய பாராட்டு வேறு கிடைத்திருக்காது.

டெர்பி வென்ற ஜாக்கி தன் குதிரையை விட்டு இதில் ஏறியது உண்மையா?

உண்மைதான். அந்த டெர்பியில், ஒன்றுக்கு ஐம்பது என்ற விலையில் யாரும் மதிக்காத மைன் தட் பேர்டை, உள்வேலியை ஒட்டியே கடைசி இடத்திலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து 6¾ நீளத்தில் வெல்ல வைத்தவர் பொரெல். டெர்பி வென்ற குதிரையோடு பிரீக்னஸுக்குப் போவதுதான் எந்த ஜாக்கியும் கனவு காண்பது. பொரெல் அந்தக் குதிரையை விட்டு இறங்கி ரேச்சலைத் தேர்ந்தெடுத்தார். இரண்டையும் ஓட்டியவர் அவர் ஒருவர்தான்; எது மேல் என்பதற்கு அவரைவிடத் தகுந்த சாட்சி இல்லை. மைன் தட் பேர்டில் மைக் ஸ்மித் ஏறினார்.

பிரீக்னஸ் ஓட்டம் எப்படி இருந்தது?

பால்டிமோரின் பிம்லிகோ திடலில் நடந்த இப்பந்தயத்தின் தூரம் ஒன்பதரை ஃபர்லாங். ரேச்சலுக்குக் கிடைத்தது 13ஆம் எண் வாயில், அதாவது வெளிப்புறக் கோடி. அந்த வாயிலிலிருந்து அதற்கு முன் எந்தக் குதிரையும் பிரீக்னஸை வென்றதில்லை. வெளியிலிருந்து முதல் வளைவுக்குள் முன்னிலைக்கு வருவதற்கே தொடக்கத்தில் ஆற்றலைச் செலவிட வேண்டியிருந்தது. வந்தபின் முன்னிலையை விடவில்லை. கடைசி நேர்வழியில் தெளிவாக விலகிப் போனது. பின்னாலிருந்து மைன் தட் பேர்ட் பாய்ந்து வந்தது, இடைவெளி சுருங்கிக்கொண்டே போனது, ஆனால் முடிவுக்கோடு முந்திக்கொண்டது. ஒரு நீளத்தில் வெற்றி. நேரம் 1 நிமிடம் 55.08 நொடி. ஓக்ஸுக்கும் இதற்கும் நடுவில் இரண்டே வாரம்தான்.

இதன் மூலம் பிரீக்னஸ் வென்ற ஐந்தாவது ஃபில்லி ஆனது. ஆறாவதாக ஸ்விஸ் ஸ்கைடைவர் 2020இல் வென்றது.

பெல்மான்ட் ஸ்டேக்ஸில் ஓடியதா?

இல்லை, ஓய்வு கொடுத்துவிட்டு, ஜூன் 27 அன்று பெல்மான்ட் பார்க் திடலின் ஃபில்லிப் பந்தயமான மதர் கூஸில் ஓடவிட்டார்கள். எதிர்த்து நிற்க இரண்டே குதிரைகள் வந்தன. 19¼ நீளத்தில் வென்று, 1975இல் ரஃபியன் என்ற புகழ்பெற்ற ஃபில்லி வைத்திருந்த 13½ நீளச் சாதனையைத் தாண்டியது. 1 நிமிடம் 46.33 நொடி என்ற நேரமும் அப்பந்தயத்துக்குச் சாதனையே. பெயரளவில் பந்தயம், உண்மையில் உடற்பயிற்சி.

ஹாஸ்கெல் வெற்றியை ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள்?

தோற்ற குதிரை யார் என்பதால். ஆகஸ்ட் 2 அன்று நியூ ஜெர்சியின் மன்மத் பார்க்கில், மழையில் சேறாகிக் கிடந்த தடத்தில், பெல்மான்ட் ஸ்டேக்ஸ் வென்றிருந்த சம்மர் பேர்ட் குதிரையை ரேச்சல் ஆறு நீளத்தில் வென்றது. அதே சம்மர் பேர்ட் அந்த மாத இறுதியில் டிராவர்ஸ் ஸ்டேக்ஸையும், அக்டோபரில் ஜாக்கி கிளப் கோல்ட் கப்பையும் வென்று, அந்த ஆண்டின் சிறந்த மூன்று வயது ஆண்குதிரையாகத் தேர்வானது. தன் வயதுக் குதிரைகளில் மிகச் சிறந்ததை இவ்வளவு இடைவெளியில் வென்ற பிறகு, அந்த வயதுப் பிரிவில் ரேச்சலுக்கு எதிரி மிச்சமில்லை. ஹாஸ்கெல் வென்ற முதல் ஃபில்லி 1995இல் ஓடிய செரீனாஸ் சாங், ரேச்சல் இரண்டாவது.

உட்வர்ட் ஸ்டேக்ஸ்தான் மிகச் சிறந்த ஓட்டம் என்று சிலர் சொல்வது ஏன்?

நானும் அந்தச் சிலரில் ஒருவன், எனவே இந்தப் பதில் சற்று நீளும்.

2009 செப்டம்பர் 5, நியூயார்க் மாநிலத்தின் சரடோகா திடல். உட்வர்ட் என்பது மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகளுக்கான ஒன்பது ஃபர்லாங் பந்தயம். ஓட வருபவை பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில் முழு வளர்ச்சியும் பலமும் பெற்ற ஆண்குதிரைகள். 1954இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தை அதுவரை ஒரு பெண்குதிரையும் வென்றதில்லை. மூன்று வயது ஃபில்லிக்கு இங்கே வயதும் எதிரி, பாலினமும் எதிரி. முன் ஆண்டு பெல்மான்ட் வென்ற டா தாரா உட்பட ஏழு குதிரைகள் எதிரே நின்றன.

வாயில் திறந்ததும் ரேச்சல் முன்னே போனது, ஆனால் நிம்மதியாகப் போகவிடவில்லை. முதல் கால் மைல் 22.85 நொடி, அரை மைல் 46.41 நொடி. ஒன்பது ஃபர்லாங் ஓட வேண்டிய குதிரைக்கு இது கை மீறிச் செலவழிப்பது போன்ற வேகம். ஒரு குதிரை பக்கத்தில் வந்து நெருக்கும். ரேச்சல் அதைக் களைப்படைய வைத்தவுடன் இன்னொன்று வரும். ஓக்ஸிலும் மதர் கூஸிலும் நாம் பார்த்த சும்மா மிதந்து போகும் ஓட்டம் இங்கே இல்லை. கடைசி வளைவில் புதிதாகக் கிளம்பிய குதிரைகள் நெருங்கின. நேர்வழியில் புல்ஸ்பே என்ற குதிரையை உதறியது; அதற்குள் வெளிப்புறத்திலிருந்து மாச்சோ அகெய்ன், முன்பகுதியில் ஆற்றலைச் சேமித்து வைத்திருந்த குதிரை, பெரிய அடிகள் வைத்து வந்துகொண்டிருந்தது. ஓக்ஸில் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்த பொரெல் இங்கே சாட்டையைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு அடியிலும் இடைவெளி குறைந்தது. சரடோகாவின் பழைய மரக் கூரை மேடை முழுக்க எழுந்து நின்று கத்தியது. ரேச்சல் ஒரு தலை இடைவெளியில் வென்றது. நேரம் 1 நிமிடம் 48.29 நொடி.

குதிரை எவ்வளவு வேகமானது என்று இருபது நீள வெற்றி சொல்லும். எல்லா வேகமும் தீர்ந்த பிறகு அந்தக் குதிரையிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பது, பக்கத்தில் இன்னொரு குதிரையின் மூச்சு கேட்கும்போதுதான் தெரியும். ஓக்ஸ் காணொளியை மட்டும் பார்த்துவிட்டு ரேச்சலைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

செனியாட்டாவோடு ஏன் ஒருமுறையும் மோதவில்லை?

அந்தக் காலத்தின் இன்னொரு பெரிய பெண்குதிரை கலிஃபோர்னியாவின் செனியாட்டா. ரேச்சலைவிட இரண்டு வயது மூத்தது. 2009 நவம்பரில் சான்டா அனிட்டா திடலில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஆண்குதிரைகளை வென்று, அதை வென்ற முதல் பெண்குதிரை ஆனது. அந்தத் திடலின் தடம் அப்போது செயற்கைக் கலவையால் ஆனது. அதை ‘பிளாஸ்டிக்’ என்று இகழ்ந்த ஜாக்சன், உட்வர்டுக்குப் பின் அந்த ஆண்டில் ரேச்சலை எங்கும் ஓடவிடவில்லை. அவ்வளவு கடுமையான ஓட்டத்துக்குப் பின் ஓய்வு கொடுத்தது சரியே என்று நான் நினைக்கிறேன். தடத்தைக் காரணம் காட்டியதைவிட ஓய்வைக் காரணம் காட்டியிருந்தால் ஏச்சு குறைந்திருக்கும்.

2010 ஏப்ரலில் ஆர்கன்சாவின் ஓக்லான் திடல், இரண்டும் வந்தால் ஆப்பிள் பிளாசம் பந்தயத்தின் பரிசுத்தொகையை 50 லட்சம் டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. அதற்கு முன்னோட்டமாக மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் ஓடிய ரேச்சல், சர்டானா என்ற குதிரையிடம் முக்கால் நீளத்தில் தோற்றது. சர்டானாவின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், செனியாட்டாவின் பயிற்சியாளரான ஜான் ஷிரஃப்ஸ்தான்! ரேச்சல் விலகியது, மோதல் நடக்காமலே போயிற்று.

2009ஆம் ஆண்டின் சிறந்த குதிரை விருது யாருக்குக் கிடைத்தது?

ரேச்சலுக்கு. செனியாட்டாவுக்கு 99 வாக்குகள், ரேச்சலுக்கு 130. செனியாட்டா மறு ஆண்டு அதே விருதைப் பெற்றது. இரண்டு முகாம்களின் ரசிகர்களும் இன்றும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் 2016இல் சரடோகா ஸ்பிரிங்ஸில் உள்ள தேசியப் பந்தய அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபம் இரண்டையும் ஒரே ஆண்டில் சேர்த்துக்கொண்டது.

நான்கு வயதில் ஏன் தோற்கத் தொடங்கியது?

‘தோற்கத் தொடங்கியது’ என்பது சற்றுக் கடுமையான சொல். 2010இல் ஐந்து ஓட்டங்கள்: இரண்டில் வெற்றி, மூன்றில் இரண்டாம் இடம். நியூ ஆர்லியன்ஸ் தோல்விக்குப் பின் லா ட்ரோயன் பந்தயத்தில் அன்ரைவல்ட் பெல்லிடம் ஒரு தலையில் தோற்றது. ஜூனில் ஃப்ளூர் டி லீஸ் பந்தயத்தை 10½ நீளத்திலும், ஜூலையில் லேடீஸ் சீக்ரெட்டை மூன்று நீளத்திலும் வென்றது. ஆகஸ்ட் 29 அன்று சரடோகாவில் பர்சனல் என்சைன் பந்தயம், தூரம் பத்து ஃபர்லாங். லைஃப் அட் டென் என்ற குதிரையோடு தொடக்கத்திலேயே மல்லுக்கட்டி அதை வீழ்த்தியது. ஆனால் அந்த மல்லுக்கட்டின் விலையைக் கடைசி ஃபர்லாங்கில் கொடுத்தது. பின்னாலிருந்து வந்த பெர்சிஸ்டன்ட்லி ஒரு நீளத்தில் வென்றது. செப்டம்பர் 28 அன்று ஓய்வு அறிவிக்கப்பட்டது.

பழைய ரேச்சல் உட்வர்டிலேயே தீர்ந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். எட்டு மாதங்களில் எட்டு ஓட்டங்கள், ஆறு மாநிலங்கள், கடைசியில் உட்வர்ட் என்ற கணக்கைப் பார்த்தால் அதை மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் முதல் மூன்று ஃபில்லிப் பந்தயங்களைப் போலவே எளிதானவற்றை மட்டும் தேடி ஓடவிட்டிருந்தால் இன்னும் சில கோப்பைகள் சேர்ந்திருக்கும், இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது.

மொத்தக் கணக்கு என்ன?

19 ஓட்டங்கள், 13 வெற்றிகள், ஐந்து இரண்டாம் இடங்கள், முதல் பந்தயத்தின் அந்த ஒரே ஆறாம் இடம். பரிசாக ஈட்டியது 35,06,730 டாலர்.

ஓய்வுக்குப் பின் குட்டிகள் ஈன்றதா?

இரண்டு. முதலில் கர்லினோடு இணைசேர்க்கப்பட்டு 2012 ஜனவரியில் ஆண்குட்டி ஈன்றது. ஜாக்சன் 2011 ஏப்ரலில் காலமாகிவிட்டதால், அவர் நினைவாக அதற்கு ஜெஸ்ஸஸ் டிரீம் என்று பெயரிட்டார்கள். 2013 பிப்ரவரியில் பெர்னார்டினி என்ற ஆண்குதிரைக்குப் பெண்குட்டி பிறந்தது. ரேச்சல்ஸ் வாலன்டினா என்று பெயர். அந்தப் பேற்றில் ரேச்சலுக்குக் குடலில் கடும் பாதிப்பு ஏற்பட்டு, லெக்சிங்டனில் அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். பிறகு அதை இணைசேர்க்கவில்லை.

2015 கோடையில் இரண்டு குட்டிகளும் சரடோகாவுக்கு வந்தன. ஜெஸ்ஸஸ் டிரீம் தன் முதல் பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து வந்து வென்றது. அதுவே அதன் ஒரே பந்தயமும் ஆயிற்று. வாலன்டினா, இரண்டு வயது ஃபில்லிகளுக்கான முதல் தரப் பந்தயமான ஸ்பினவேயை வென்றது. தாய் ஆறு ஆண்டுகளுக்கு முன் மாச்சோ அகெய்னை ஒரு தலையில் தடுத்து நிறுத்திய அதே நேர்வழியில்.